பெயர்ப்பட்டியலை எப்படி வாசிப்பது? வேதாகம இடாப்புகளுக்குள் முதன்முறை நுழைவோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன், திருகோணமலை நகருக்கு வடக்கே கடற்கரையை அண்டியிருக்கும் சிறிய சபையொன்றில், ஞாயிறு ஆராதனையின் பழைய ஏற்பாட்டுப் பகுதியை வாசிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. அன்றைய பகுதி நெகேமியாவின் மூன்றாம் அதிகாரம். முதல் ஐந்து வசனங்களை வாசித்தேன். வாயில் நுழையாத பெயர்களும் "அவன் அருகே" என்ற தொடரும் முடிவில்லாமல் வந்துகொண்டிருந்ததைக் கண்டதும், நடுவில் இருந்ததை விட்டுவிட்டு நேரே கடைசி வசனத்துக்குத் தாவினேன். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மூதூர் கிழக்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். "தம்பி, அந்த ஆக்கள்ட பேரையெல்லாம் ஏன் விட்டுட்டீர்?" என்று கேட்டார். நேரம் போதாது என்பதுபோல ஏதோ சொல்லிச் சமாளித்தேன். 2006 இல் இடம்பெயர்ந்து, வாகரை வழியாக மட்டக்களப்பு முகாமொன்றுக்குப் போய்ச் சேர்ந்த கதையை அவர் முன்னரே எனக்குச் சொல்லியிருந்தார். அன்று அந்தக் கதையோடு ஒரு வரியைச் சேர்த்தார்: "முகாமில பேர் வாசிக்கக்குள்ள எங்கட பேர விட்டுட்டாங்க; அண்டைக்கு எங்களுக்கு அரிசி இல்ல."

அடுத்த ஞாயிறு போதகரிடம் அனுமதி கேட்டு, அதே அதிகாரத்தின் 32 வசனங்களையும் முழுமையாக வாசித்தேன். சிறுவர்கள் சிரித்தார்கள். முதியவர் நான் உச்சரித்த இரண்டு பெயர்களைத் திருத்தினார். வேதாகமத்தின் பட்டியல்களை ஒழுங்காக வாசிக்கும் பழக்கம் எனக்கு அந்த வாரத்தில்தான் தொடங்கியது. அதன்பின் இப்பழக்கத்தைப் புதிதாகத் தொடங்கிய சிலருக்குச் சொல்லிக்கொடுத்த வழியையே இங்கு எழுதுகிறேன்.

தேவையானவை

ஒத்துவாக்கியக் குறிப்புகள் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள வேறு வசனங்களைக் காட்டும் குறிப்புகள்) உள்ள வேதாகமம் ஒன்று, கோடு போட்ட கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று போதும். விளக்கவுரை நூல்களை முதல் மாதத்தில் திறக்க வேண்டாம். திறந்தால் நீங்கள் காணவேண்டியதை வேறொருவர் கண்டு சொல்லிவிடுவார். கைத்தொலைபேசியில் வேதாகமச் செயலி இருந்தால் பெயர்களைத் தேடுவதற்கு உதவும். வாசிப்பதற்கு அச்சிட்ட புத்தகமே நல்லது, ஏனெனில் பட்டியல் எவ்வளவு நீளமானது என்பதைப் பக்கத்தில் பார்த்தால்தான் உணர முடியும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். நமது மாவட்டத்தில் புரட்டஸ்தாந்து சபையினர் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பையும், கத்தோலிக்கர் திருவிவிலியத்தையும் வாசிக்கிறார்கள். முன்னதில் நாளாகமம் என்பது பின்னதில் குறிப்பேடு. எண்ணாகமம் என்பது எண்ணிக்கை. ரோமர் என்பது உரோமையர். ஆட்பெயர்களின் எழுத்தும் வேறுபடும். எதை வாசித்தாலும் சரி, ஒன்றைத் தெரிவுசெய்து, கொப்பியில் அதன் எழுத்தையே கடைசிவரை பின்பற்றுங்கள். இந்தக் கட்டுரையில் பழைய மொழிபெயர்ப்பின் வடிவங்களையே எழுதுகிறேன்.

பட்டியல் என்ற வடிவமே அந்நியமாகத் தோன்றுகிறவர்கள் ஒரு மாலை நிலாவெளி வீதியில் உள்ள பொதுநலவாய யுத்த மயானத்துக்குப் போய்வரலாம். அங்குள்ள கற்கள் ஒரே வார்ப்பில் செய்தவைபோல் இருக்கும்: படைப்பிரிவு, பதவி, பெயர், இறந்த திகதி, வயது. சில கற்களின் அடியில் மட்டும் குடும்பத்தார் தெரிவுசெய்த ஒரு வரி இருக்கும். மூன்று வரிசைகளை நடந்து முடிப்பதற்குள் உங்கள் கண் தானாகவே அந்த அடிவரியைத் தேடத் தொடங்கிவிடும். வேதாகமப் பட்டியலை வாசிக்க வேண்டிய கண்ணும் அதுதான். பட்டியல் எழுதுகிறவருக்கு இடம் குறைவு, பெயர்கள் அதிகம், சூத்திரமோ ஒன்றே. அந்த நெருக்கடிக்குள்ளும் ஒரு பெயரோடு ஒரு சொல்லைக் கூடுதலாக அவர் ஒட்டியிருந்தால், அச்சொல்லை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை என்று கொள்ளலாம். நமது வேலை அந்தக் கூடுதற் சொல்லைக் கண்டுபிடிப்பதும், அதற்குமேல் நாமாக ஒன்றையும் சேர்க்காமல் இருப்பதுமாகும்.

முதற்படி: சரியான பட்டியலில் தொடங்குதல்

முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் தொடங்காதீர்கள். அங்கே தொடங்கியவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது அதிகாரத்தைத் தாண்டியதில்லை. நெகேமியா 3 இல் தொடங்குங்கள். அது ஒரு வேலைப் பட்டியல் என்பதால், பெயர்களுக்குக் கீழே நிலம் இருக்கிறது. கி.மு. 445 அளவில், பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் அனுமதியோடு எருசலேமுக்கு வந்த நெகேமியா, இடிந்து கிடந்த மதிலைக் கட்டியெழுப்பத் தொடங்குகிறார். வேலை 52 நாளில் முடிந்தது என்று ஆறாம் அதிகாரம் சொல்கிறது. யார் எந்தத் துண்டைக் கட்டினார்கள் என்பதை மூன்றாம் அதிகாரம் எழுதிவைத்திருக்கிறது.

அதைச் சத்தமாக வாசியுங்கள். உச்சரிப்புப் பிழைத்தால் பரவாயில்லை. மௌனமாக வாசிக்கும் கண் பெயர்களை வழுக்கிக்கொண்டு போய்விடும். வாய் அப்படிப் போகாது. சத்தமாக வாசித்தால், அதிகாரத்தின் முற்பாதியில் "அவன் அருகே", "அவர்கள் அருகே" என்றும், பிற்பாதியில் "அவனுக்குப் பின்னாக" என்றும் வரும் தொடர்கள் மதிலின் கற்களைப் போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது காதுக்குத் தெரியும். வாசித்து முடித்ததும் கொப்பியின் ஒரு பக்கத்தில் பெரிய வட்டம் வரைந்து, வடபுறத்தில் ஆட்டுவாசலைக் குறித்து, அங்கிருந்து இடஞ்சுழியாக மீன்வாசல், பழைய வாசல், பள்ளத்தாக்கின் வாசல், தெற்கே குப்பைமேட்டு வாசல், ஊருணிவாசல், தண்ணீர்வாசல், குதிரைவாசல் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசி வசனம் மீண்டும் ஆட்டுவாசலுக்கே கொண்டுவந்து சேர்க்கும். பட்டியலை எழுதியவர் ஊரைச் சுற்றி நடந்திருக்கிறார். மீன்வாசல் என்ற பெயர் நம் ஊராருக்கு விளக்கம் தேவைப்படாதது; தீருவைச் சேர்ந்தவர்கள் எருசலேமுக்கு மீன் கொண்டுவந்து விற்ற செய்தி இதே நூலின் 13 ஆம் அதிகாரத்தில் வருகிறது.

இரண்டாம் படி: நான்கு நிரல்கள்

அடுத்த பக்கத்தில் நான்கு நிரல்கள் போடுங்கள். முதல் நிரலில் பெயர். இரண்டாவதில் யாருடைய பிள்ளை அல்லது எந்த ஊர். மூன்றாவதில் என்ன வேலை செய்தார், எந்த இடத்தில். நான்காவது நிரலை மற்றவர்களுக்கு இல்லாத, இவருக்கு மட்டும் ஒட்டப்பட்ட சொல்லுக்காக வெறுமையாக வையுங்கள். பெரும்பாலான வரிகளில் அது வெறுமையாகவே இருக்கும். அப்படி இருப்பது நல்லது.

நெகேமியா 3 இல் அந்த நான்காவது நிரல் நிரம்பும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்; பின்வரும் பட்டியல்களில் நீங்களே காண்பீர்கள். தெக்கோவா ஊரார் கட்டினார்கள், ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை (வசனம் 5). தலைவர்கள் வராமலே அந்த ஊரார் தங்கள் பங்கை முடித்து, 27 ஆம் வசனத்தில் இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். எட்டாம் வசனத்தில் தட்டார் ஒருவரும் தைலக்காரர் ஒருவரும் வருகிறார்கள். நகைக்கும் நறுமணத்துக்கும் பழகிய கைகள் கல் தூக்கியிருக்கின்றன. பன்னிரண்டாம் வசனத்தில், அல்லோகேசின் மகன் சல்லூம் தன் குமாரத்திகளோடு கட்டினான் என்று இருக்கிறது. அந்த அதிகாரம் முழுவதிலும் பெண்கள் கட்டியதாகச் சொல்லும் வரி இது ஒன்றுதான். அவர்களின் பெயர் தரப்படவில்லை. எத்தனை பேர் என்றும் சொல்லப்படவில்லை. பதினான்காம் வசனத்தில், குப்பைமேட்டு வாசலைக் கட்டியவர் ஒரு மாகாணத்தின் பிரபு. இருபதாம் வசனத்தில், சாபாயின் மகன் பாருக் என்பவருக்கு மட்டும் "வெகு ஜாக்கிரதையோடே" என்ற சொல் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் அசட்டையாகக் கட்டினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பாருக்கின் வேலையை யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள் என்ற அளவோடு நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: அதே பெயரை வேறிடத்தில் தேடுதல்

இந்தப் படிதான் அதிக நேரம் எடுக்கும். அதிகம் தருவதும் இதுவே. ஒரே ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம்.

நெகேமியா 3:4 இல், மீன்வாசலுக்கு அடுத்த துண்டைக் கட்டியவர்களில் ஒருவர், கோசின் குமாரனாகிய உரியாவின் மகன் மெரெமோத். இருபத்தோராம் வசனத்தில் அதே மெரெமோத் மீண்டும் வருகிறார். இம்முறை அவர் கட்டும் துண்டு, பிரதான ஆசாரியனாகிய எலியாசிபின் வீட்டு வாசற்படியிலிருந்து அந்த வீட்டின் கடைக்கோடிவரை இருந்தது. இரண்டு பங்கு கட்டியவர் என்று கொப்பியில் எழுதிவிட்டு மேலே போய்விடலாம். போகாமல், ஒத்துவாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். அது பாபிலோன் சிறையிருப்பிலிருந்து முதலில் திரும்பியவர்களின் பட்டியல். நெகேமியாவின் காலத்துக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முந்தியது. அதன் 61, 62 ஆம் வசனங்களில், ஆசாரியக் குடும்பங்கள் சிலவற்றின் பெயர் வருகிறது. அவர்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், அது அகப்படவில்லை, ஆகையால் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கமானவர்களாக எண்ணப்பட்டார்கள். அக்குடும்பங்களில் ஒன்று கோசின் குடும்பம்.

பத்திரம் இல்லாதவர்கள். தாங்கள் யார் என்பது தங்களுக்கும் அயலாருக்கும் தெரிந்திருந்தும், எழுத்தில் காட்ட முடியாதவர்கள். திருகோணமலையில் இந்த வசனத்தை வாசிக்கும்போது அறையில் ஓர் அசைவு ஏற்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிறப்புப் பத்திரம் எரிந்துபோனவர்கள், காணி உறுதி கடலோடு போனவர்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டவர்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதத்துக்காக மாதக்கணக்கில் நடந்தவர்கள் ஆகியோரில் யாராவது ஒருவர் எப்போதும் அந்த அறையில் இருப்பார்.

இனி எஸ்றா 8:33 ஐப் பாருங்கள். ஆலயத்துக்கான வெள்ளியும் பொன்னும் தேவாலயத்தில் நிறுத்து ஒப்படைக்கப்படுகின்றன. வாங்கிக்கொள்பவரின் பெயர்: ஆசாரியனாகிய உரியாவின் குமாரன் மெரெமோத். தகப்பன் பெயரும் காலமும் பொருந்துவதால் இவரும் மதில் கட்டிய மெரெமோத்தும் ஒருவரே என்று கொள்வதற்கு நல்ல இடமுண்டு. அப்படியானால், அட்டவணை அகப்படாத குடும்பத்தின் பிற்காலத்து மகனொருவர் ஆலயத்துப் பொன்னை எண்ணி வாங்குகிறார். பிறகு பிரதான ஆசாரியனின் வீட்டுக்கு முன்னால் மதில் கட்டுகிறார். இடையில் என்ன நடந்தது, அட்டவணை கிடைத்ததா, தீர்ப்பு மாற்றப்பட்டதா என்பதை வேதாகமம் சொல்லவில்லை. மூன்று வசனங்களும் மூன்று பக்கங்களில் தனித்தனியே கிடக்கின்றன; இணைத்துப் பார்க்கும் வேலை வாசகருடையது. எனக்கு நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தில் உயிரோடு எழுந்து நிற்கும் முதல் மனிதர் மெரெமோத்தான். நான் முதல் ஞாயிறு நாலாம் வசனத்தில் அவர் பெயரை வாய் குழறி வாசித்து, இருபத்தோராம் வசனத்தில் அவரை விட்டுவிட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் படியில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரே பெயர் ஒரே ஆள் ஆகாது. இதே அதிகாரத்தில் மல்கியா என்ற பெயரில் மூவர் இருக்கிறார்கள்: ஆரீமின் மகன், ரெக்காபின் மகன், தட்டார் ஒருவர். தகப்பன் பெயரோ, ஊரோ, தொழிலோ பொருந்தாத இரண்டு பெயர்களை ஒன்றாக்காதீர்கள். நம் ஊரில் ஒரே தெருவில் எத்தனை யோகராசாக்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தத் தவறு நேராது.

நான்காம் படி: வாழ்த்துப் பட்டியல்

வேலைப் பட்டியல் பழகிய பிறகு, ரோமர் நிருபத்தின் 16 ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். கி.பி. 57 அளவில், தான் அதுவரை போயிராத உரோமாபுரியின் விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய நீண்ட கடிதத்தின் கடைசி அதிகாரம் இது. போகாத ஊரில் இவருக்கு இத்தனை அறிமுகங்களா என்ற கேள்வியோடு வாசிக்கத் தொடங்குங்கள். மூன்றாம் வசனத்திலிருந்து பதினைந்தாம் வசனம்வரை 24 பேர் பெயர் சொல்லியும், இருவர் பெயர் சொல்லாமலும் வாழ்த்தப்படுகிறார்கள். அந்த இருவரும் ரூபின் தாயும் நேரேயின் சகோதரியும் ஆவர். நான்கு நிரல்களையும் மறுபடி போடுங்கள்.

நான்காம் நிரலில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்: பிரயாசப்படுதல். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல், களைத்துப்போகும்வரை உழைப்பதைக் குறிக்கும். பவுல் தன் சொந்த ஊழியத்தைச் சொல்லும்போதும் பயன்படுத்தும் சொல் அது. இந்தப் பட்டியலில் அது நால்வருக்கு மட்டும் தரப்படுகிறது. மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். நால்வரும் பெண்கள். இவர்கள் என்ன செய்து களைத்தார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. மரியாளுக்கும் பெர்சியாளுக்கும் "மிகவும்" என்ற சொல் கூடுதலாகக் கிடைக்கிறது; பெர்சியாளுக்கு மட்டும் "பிரியமான" என்ற சொல்லும் சேர்கிறது.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு தடயத்தைச் சொல்ல வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு, பெண்பெயர்களின் ஈற்றில் "ஆள்" சேர்ப்பதை வழக்கமாகக் கொண்டது: பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், யூலியாள். ஏழாம் வசனத்தில், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர் என்று சொல்லப்படும் இருவரில் ஒருவர் யூனியா. அங்கே "ஆள்" இல்லை. கிரேக்கத்தில் அந்தப் பெயர் நிற்கும் வடிவத்தை, அழுத்தக்குறியை வைக்கும் இடத்தைப் பொறுத்து, ஆண்பெயராகவும் பெண்பெயராகவும் வாசிக்கலாம். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் கிறிசொஸ்தோம் என்ற ஆயர் அவரைப் பெண்ணாகவே கொண்டு புகழ்ந்தார்; இக்கால அறிஞரில் பலரும் அப்படியே கொள்கிறார்கள். ஆக, தமிழில் இரண்டெழுத்து இல்லாமற் போனதில் மொழிபெயர்ப்பாளரின் ஒரு தீர்மானம் மறைந்திருக்கிறது. பெயர்களின் ஈறுகளைக் கவனியுங்கள். எண்ணாகமம் 26 ஆம் அதிகாரத்தின் குடிமதிப்புக்குள் திடீரென்று வரும் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து சகோதரிகளையும் அந்த ஈறே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். அடுத்த அதிகாரத்தில் அவர்கள் மோசேயின் முன்னால் நின்று, ஆண்பிள்ளை இல்லாத தங்கள் தகப்பனின் காணியைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ரோமர் பட்டியலின் இரு முனைகளையும் பார்த்துவிட்டு நகருங்கள். தொடக்கத்தில் நிற்பவர் கெங்கிரேயாவின் பெபேயாள். கெங்கிரேயா கொரிந்துவின் கிழக்குத் துறைமுகம். இந்த நிருபத்தை உரோமாபுரிக்குக் கொண்டுபோனவர் பெபேயாளே என்பது பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. கப்பல் வரும் திசையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, துறைமுகத்துப் பெண்ணொருத்தி ஒரு சுருளைப் பொதிந்து எடுத்துக்கொண்டு கப்பலேறும் காட்சியைக் கற்பனைசெய்வது கடினமன்று. முடிவில் நிற்பவர்கள் தெர்தியுவும் குவர்த்தும். தெர்தியு, பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர். 22 ஆம் வசனத்தில் தானே தலைநீட்டி, "எழுதின நான்" என்று ஒரு வாழ்த்தைச் சேர்த்துக்கொள்கிறார். தெர்தியு என்றால் இலத்தீனில் மூன்றாமவன். குவர்த்து என்றால் நான்காமவன். பிறப்பு வரிசையையே பெயராகக் கொண்டவர்கள். பட்டணத்தின் உக்கிராணக்காரனான ஏரஸ்துவுக்குப் பதவி எழுதப்பட்ட அதே வசனத்தில், குவர்த்துக்குக் கிடைத்த சொல் "சகோதரன்".

ஐந்தாம் படி: யார் இல்லை, யார் கடைசியில்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் சாமுவேல் 23 இல் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 37 பேர் என்று அதுவே கூட்டிச் சொல்கிறது. படைத்தலைவன் யோவாபின் சகோதரர்கள் இருவர் அதில் இருக்கிறார்கள், அவனுடைய ஆயுததாரியும் இருக்கிறான், யோவாபுக்கென்று ஒரு வரி இல்லை. கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. தாவீது யாருடைய மனைவியை எடுத்து, யாரைப் போர்முனையில் சாகக் கொடுத்தானோ, அந்த உரியா. பட்டியலை எழுதியவர் விளக்கம் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்தப் பெயரோடு நிறுத்திவிட்டார். பிறகு மத்தேயுவின் முதல் அதிகாரத்தைத் திறந்தால், இயேசுவின் வம்ச அட்டவணையில் பத்சேபாளின் பெயர் வராமல், "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்று வருகிறது. இரண்டு பட்டியல்களும் அந்த மனிதனை மறக்க விடவில்லை. ஒவ்வொரு பட்டியலையும் முடிக்கும்போது, கடைசிப் பெயரையும், இருந்திருக்க வேண்டியும் இல்லாத பெயரையும் தனியே எழுதிவையுங்கள்.

எங்கே நிறுத்துவது

புதிதாகத் தொடங்குவோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு; பிரசங்கிகளும் அங்கே சறுக்குவதைக் கேட்டிருக்கிறேன். பெயரின் எபிரெயப் பொருளைத் தேடியெடுத்து, அந்தப் பொருளிலிருந்து ஆளின் குணத்தையும் வாழ்க்கையையும் இட்டுக்கட்டுவது. சந்திரன் என்று பெயர் வைத்தவர் இரவில் வேலை செய்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேதாகமப் பெயர் என்றதும் அந்த விவேகம் நம்மைவிட்டுப் போய்விடுகிறது. வேதாகமமே பெயர்க்காரணம் சொல்லும் இடங்களில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். முதலாம் நாளாகமம் 4 இல் வரும் யாபேஸ் அத்தகையவர். ஆனால் அவருடைய ஜெபத்தை மட்டும் கொய்து சுவரில் மாட்டிக்கொண்டு, அதே அதிகாரத்தின் 21 முதல் 23 வரையான வசனங்களில் ராஜாவின் வேலைக்காகக் குடியிருந்த குயவர்களையும், மெல்லிய புடவை நெய்த குடும்பங்களையும் பார்க்காமல் விடுவது, பட்டியலை வாசிப்பதாகாது. என் எண்ணத்தில் அந்த அதிகாரத்தின் சிறப்பே அந்தக் குயவர்கள்தான்.

இதே கட்டுப்பாட்டை ரூபின் விஷயத்திலும் கடைப்பிடிக்க வேண்டும். மாற்கு 15:21 இல் சிலுவையைச் சுமந்த சிரேனே ஊர் சீமோன், அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று சொல்லப்படுகிறார். ரோமர் 16:13 இன் ரூபும் அவரும் ஒருவராக இருக்கலாம். அந்தப் பெயர் உரோமாபுரியில் மிகச் சாதாரணமானது என்பதால், கொப்பியில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். மெரெமோத்துக்குக் கிடைத்ததைப் போலத் தகப்பன் பெயர் பொருந்தும் சான்று இங்கே இல்லை.

கூட்டமாக வாசித்தல்

வீட்டுக்கூட்டத்தில் வாசிப்பதானால் எட்டுப்பேருக்கு மேல் வேண்டாம். முதலாம் நாளாகமம் 9 கூட்டத்துக்குப் பொருத்தமானது. ஆலயத்தின் வாசற்காவலர் 212 பேர், இரவில் ஆலயத்தைச் சுற்றித் தங்கிக் காலைதோறும் கதவைத் திறப்பவர்கள், பணிமுட்டுகளை (ஆலயப் பாத்திரங்களை) எண்ணி உள்ளே கொண்டுபோய் எண்ணி வெளியே கொண்டுவருபவர்கள், பலகாரம் சுடும் வேலைக்குப் பொறுப்பான மத்தித்தியா என்று வேலைகள் வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரையோ ஒரு வேலையையோ கொடுத்து, பத்து நிமிடம் தேடவிட்டு, கண்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்தக் காவலர் கோராகின் வம்சத்தார் என்பதைக் காட்டி, கோராகின் புத்திரருக்குரியது என்ற தலைப்போடு வரும் 84 ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்வேன் (தெரிவுசெய்வேன்) என்ற வரி, கதவைத் திறக்கும் குடும்பத்தின் பாட்டாக அப்போது கேட்கும்.

எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறை, திருக்கோணேச்சரத்துக்கு நாள்தோறும் போய்வரும் அயல்வீட்டு அம்மா ஒருவர் வந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு வாசிப்பு அவருக்குப் புதிதாக இருக்கவில்லை. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையே ஒரு பெயர்ப்பட்டியல்தானே என்றார். அடியார் பலர் அதில் ஓர் அடிக்குள், ஓர் அடைமொழியோடு முடிந்துபோகிறார்கள். அதில் தனியடியாரோடு ஒன்பது தொகையடியாரும் (கூட்டமாகச் சொல்லப்படுவோர்) உண்டு என்பதையும், "அப்பாலும் அடிச்சார்ந்தார்" என்று பெயர் தெரியாதவர்களுக்கும் அங்கே இடமிருப்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். கோணேசர் கல்வெட்டு என்னும் நம் ஊரின் பழைய நூலும், கோயிலில் யார் யாருக்கு எந்தத் தொழும்பு (கோயிற்பணி) என்பதைச் சொல்வதில் நிறைய இடத்தைச் செலவிடுகிறது. ஆகவே, பட்டியல் சலிப்புத் தரும் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அது இந்த மண்ணில் புதிய சலிப்பு என்று பதில் சொல்லலாம்.

அடுத்த பட்டியல்

இவற்றை முடிக்க இரண்டு மாதம் எடுக்கும். அதன்பின் எஸ்றா 2 ஐ முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். 42,360 பேரையும், 736 குதிரைகளையும், 6,720 கழுதைகளையும் எண்ணிய பட்டியல் அது. நெகேமியா 7 இல் அதே பட்டியல் சில எண்ணிக்கை வேறுபாடுகளோடு மீண்டும் வருவதால், இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்து வித்தியாசங்களைக் குறியுங்கள். வித்தியாசத்தைக் கண்டு பதற வேண்டாம், சமாதானம் சொல்லவும் முயலவேண்டாம், குறித்துவைத்தால் போதும். எஸ்றா 2 இல், 43 ஆம் வசனத்திலிருந்து, ஆலயத்தின் மிகக் கீழ்நிலை வேலைகளைச் செய்த நிதனீமியரின் குடும்பப் பெயர்கள் வரும்.

அதே நிதனீமியரைப் பற்றி எஸ்றா 8:20 இல் இன்னொரு குறிப்பு இருக்கிறது. எஸ்றாவோடு எருசலேமுக்குப் புறப்பட 220 நிதனீமியர் வந்தார்கள் என்றும், அவர்கள் எல்லாருடைய பேர்களும் குறிக்கப்பட்டிருந்தன என்றும் அந்த வசனம் சொல்கிறது. ஆனால் அந்த 220 பெயர்களும் அதிகாரத்தில் இல்லை. அவை எழுதப்பட்ட ஏடு நம் கைக்கு வந்து சேரவில்லை. கொப்பியில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, மேலே "எஸ்றா 8:20" என்று எழுதி, நான்கு நிரல்களையும் போட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பட்டியலுக்குப் போங்கள்.